மருத்துவமனைத் தாழ்வாரம் என்று எழுதியவருக்கு

ஆர்ட்னகல், ஐலா தீவு
14 ஜனவரி 1992

திருமதி லைட்பாடி அவர்களுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என் பெயர் டூகல்டு மெக்காஃபர். ஆர்ட்னகல் விஸ்கி வடிசாலையில் இருபத்திரண்டு வருடமாக வடிகலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவன். உங்கள் விஸ்கி சங்கத்தின் டிசம்பர் இதழில் பன்னிரண்டு வருடம் பீப்பாயில் ஊறிய எங்கள் சரக்கைப் பற்றி ஒரு சுவைக்குறிப்பு வந்திருக்கிறது. கீழே ரா. லை. என்று இருக்கிறது. அது நீங்கள்தான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

நீங்கள் எழுதியது இது: ‘பினாயில் போட்டுத் துடைத்த மருத்துவமனைத் தாழ்வாரம். தார் பூசிய கயிறு. முடிவில் மெல்லிய உப்பு.’

கயிற்றைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. உப்பும் சரிதான், கடல் எங்கள் வாசலில் இருக்கிறது. அந்த முதல் வரிதான் என் குடியைக் கெடுத்துவிட்டது.

என் மனைவி இஷ்பெல் ஐந்து மாதம் கிளாஸ்கோவில் மருத்துவமனையில் கிடந்தாள். நுரையீரலில் இரண்டு முறை கத்தி வைத்தார்கள். போன வருடம் ஏப்ரலில் வீட்டுக்கு வந்தாள். எட்டு மாதமாக ஒரு தொந்தரவும் இல்லை. வேலை முடிந்து நான் வந்தால் என் சட்டையில் விஸ்கி மணக்கும். அவள் அதைப் பொருட்படுத்தியதே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து பழகிய மணம்தானே. உங்கள் இதழ் வந்தது. எப்படியோ அவள் காதில் அந்த வரி விழுந்துவிட்டது. மறுநாள் சாயங்காலம் நான் கதவைத் திறந்ததும் கையை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

“நீ உள்ள வந்தாலே வார்டும் கூட வந்துடுது டூகல்டு. உன்னைச் சொல்லல. ஆனா வந்துடுது.”

இப்போது கோட்டு கொட்டகையில் தொங்குகிறது. சட்டையை அங்கேயே கழற்றி, குளிரில் நடுங்கிக்கொண்டு உள்ளே ஓடுகிறேன். மூன்று முறை சோப்புப் போடுகிறேன். அப்படியும் அவள் மேசையின் அந்தக் கோடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள், பக்கத்து அறையில் படுக்கிறாள். பாவம், வேண்டுமென்று செய்யவில்லை. என்னைப் பார்த்து அவளே அழுகிறாள்.

ஊர்க்காரர்களைக் கேட்கவே வேண்டாம். தோணித்துறை ஹெக்டர் பாருக்குள் நுழையும்போதே கத்துகிறான். “டூகல்டு, எனக்கு ஒரு கிளாஸ் பினாயில் ஊத்தச் சொல்லுப்பா, உள்ளெல்லாம் சுத்தமாகட்டும்!” பன்னிரண்டு வருடமாக அதையே குடித்தவன். ஒரு நாளும் சொன்னதில்லை.

நேற்று வடிகல அறைக்குள் போனதும் எனக்கே அடித்தது. சத்தியமாக. இருபத்திரண்டு வருடம் தேனும் கடற்பாசியும் புகையுமாக இருந்த இடத்தில் பினாயில்.

அடுத்த இதழில் அந்த வரியைத் திரும்பப் பெறுங்கள். பெரிய எழுத்தில் போடுங்கள்.

டூகல்டு மெக்காஃபர்


லீத், எடின்பரோ
22 ஜனவரி 1992

திரு. மெக்காஃபர் அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் உடல்நிலை பற்றி அறிந்து வருந்துகிறேன். அவர் முழுமையாகக் குணமடைய வேண்டும்.

குறிப்பைப் பொறுத்தவரை நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். ஐலா விஸ்கியைப் பற்றிப் பேசும்போது மருத்துவமனை என்பது பாராட்டு. பஞ்சு, கட்டுத்துணி, அயோடின், பினாயில் எல்லாமே பாராட்டுத்தான். எங்கள் உறுப்பினர்களுக்கு இது தெரியும். அந்த இதழ் வெளிவந்த பிறகு உங்கள் சரக்கைக் கேட்டு வந்த கடிதங்களை உங்கள் மேலாளர் உங்களிடம் காட்டியிருக்க வேண்டும். காட்டவில்லை என்றால் கேட்டுப் பாருங்கள்.

நான் பத்தொன்பது வருடமாகச் சுவைக்குறிப்பு எழுதுகிறேன். புட்டியில் இருப்பதைத்தான் எழுதுகிறேன். நான் எழுதுவதால் புட்டிக்குள் இருப்பது மாறிவிடாது. உங்கள் மனைவிக்கு அந்த மணம் இப்போது தெரிகிறது என்றால் அது முன்பும் இருந்திருக்கிறது, அவர் கவனிக்கவில்லை என்றுதான் பொருள்.

அச்சில் வந்ததை நான் திரும்பப் பெறுவதில்லை.

இப்படிக்கு,
ராபினா லைட்பாடி


ஆர்ட்னகல்
27 ஜனவரி 1992

திருமதி லைட்பாடி,

பாராட்டா? உங்கள் பாராட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என் மனைவியின் முதுகில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் இருக்கிறது. அதற்குக் கட்டுத்துணி போட்ட நாட்களை அவளிடம் போய்ப் பாராட்டு என்று சொல்லுங்கள்.

‘நான் எழுதுவதால் மாறிவிடாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. ஒரு காரியம் செய்யுங்கள். ஐந்து கிளாஸ் ஊற்றச் சொல்லுங்கள். எல்லாம் எங்களைப் போல லேசாகப் புகை மணக்கும் சரக்காக இருக்கட்டும். ஒவ்வொன்றின் முன்னாலும் பெயர் எழுதிய அட்டை இருக்கட்டும். அட்டையை யாராவது உங்களுக்குத் தெரியாமல் மாற்றி வைக்கட்டும். பிறகு எழுதுங்கள்.

அந்த வரியை எழுதியது உங்கள் மூக்கா, உங்கள் பழக்கமா என்று அப்போது தெரிந்துவிடும். பயமாக இருந்தால் வேண்டாம்.

டூ. மெக்காஃபர்


லீத்
19 பிப்ரவரி 1992

திரு. மெக்காஃபர் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம். வேலை அதிகம் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

நீங்கள் சொன்னபடி செய்தேன். உங்களைத் தோற்கடிக்கத்தான் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சரக்கு மாதிரிகள் வைக்கும் எங்கள் அறையைப் பார்த்துக்கொள்பவர் பெட்ரி. அவரிடம், “அட்டையை மாத்தி வைக்கணும்னா மாத்துங்க, வேண்டாம்னா விடுங்க, எனக்குச் சொல்லாதீங்க” என்றேன். அடுத்தடுத்து மூன்று நாள் காலையில், வெறும் வயிற்றில், ஐந்து கிளாஸ்.

மூன்று நாளும் ஆர்ட்னகல் என்ற அட்டை வேறு ஏதோ தீவின் சரக்கு முன்னால் இருந்திருக்கிறது. மூன்று நாளும் அதில் எனக்கு மருத்துவமனை மணத்தது. லேசாக அல்ல, நன்றாக. இரண்டாம் நாள் ‘பஞ்சு’ என்று சேர்த்தே எழுதியிருக்கிறேன். உங்கள் உண்மையான சரக்கு முன்னால் வேறு பெயர் இருந்தது. அதில் நான் எழுதியது: ‘மலைத்தேன். தோட்டத்தில் சருகு எரித்த மறுநாள் காலை.’

பெட்ரி தாள்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். “மேடம், எனக்கும் இப்படித்தான் ஆகியிருக்கும்” என்றார். அவர் சொன்ன ஆறுதல் எரிச்சலைத்தான் கிளப்பியது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். நான் இந்த வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முன்னால் இருந்தவரின் குறிப்புகளைப் படித்துத்தான் பழகினேன். ஐலா என்று வந்த இடமெல்லாம் அவர் மருத்துவமனை என்று எழுதியிருந்தார். நானும் எழுதினேன். என்னைப் படித்தவர்களுக்கும் அது மணத்தது. அவர்கள் சொன்னதைக் கேட்டு எனக்கும் உறுதியானது. திரு. மெக்காஃபர், நான் ஒரு நாள்கூட மருத்துவமனையில் படுத்ததில்லை. பல் பிடுங்கப் போய்க்கூட, வெளியே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தவள்.

வெட்கமாக இருக்கிறது. உங்கள் மனைவியிடம் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள் என்று சொல்லலாம், ஆனால் அதிலும் அந்தச் சொல் மறுபடி வரும்.

நீங்கள் கேட்ட திருத்தத்தையும் என்னால் போட முடியாது. இந்த முறை திமிரால் சொல்லவில்லை. ‘ஆர்ட்னகலில் பினாயில் மணம் கிடையாது’ என்று அச்சிட்டால் படிக்கிற அத்தனை பேருக்கும் முதலில் பினாயில்தான் மணக்கும். இல்லை என்று சொன்னாலும் அந்தச் சொல் வேலை செய்யும்.

வேறு என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொன்னால் செய்கிறேன்.

ராபினா லைட்பாடி


ஆர்ட்னகல்
2 மார்ச் 1992

அன்புள்ள திருமதி லைட்பாடி,

உங்கள் கடிதத்தைக் கொட்டகையில் நின்றுதான் படித்தேன். ஜெயித்துவிட்டேன் என்று துள்ள வேண்டியவன். பல் பிடுங்கப் போய்த் திரும்பி வந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது, கோபம் போய்விட்டது.

நீங்கள் உண்மையைச் சொன்ன பிறகு நான் மறைப்பது சரியில்லை. முதல் கடிதத்தில் ‘எப்படியோ அவள் காதில் விழுந்தது’ என்று எழுதினேன். எப்படியோ இல்லை. நான்தான் படித்துக் காட்டினேன். இதழில் எங்கள் பெயரைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. அடுப்படியில் நின்று, கூட்டத்தில் பேசுகிறவன் மாதிரி குரலை உயர்த்தி, இரண்டு தடவை படித்தேன். என்ன வரி படிக்கிறோம் என்றுகூட மண்டையில் ஏறவில்லை. ஆர்ட்னகல் என்ற பெயர் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டாம் தடவை படித்து முடித்து நிமிர்ந்தபோது அவள் கையில் இருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள். நீங்கள் எழுதினீர்கள், சரி. கிளாஸ்கோவிலிருந்து அந்த வார்டைத் தூக்கி வந்து வீட்டுக்குள் வைத்தவன் நான்.

உங்கள் ‘மலைத்தேன்’ எனக்கு நம்பிக்கை கொடுத்தது. சொல்லால் வந்த வினையைச் சொல்லால் தீர்க்கலாம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு கிளாஸில் சொட்டு ஊற்றி அவள் முன்னால் வைத்தேன்.

“தேன் வாசனை அடிக்குதா பாரு.”

“அடிக்குது.”

“பாத்தியா! நான் சொல்லல?”

“ஆஸ்பத்திரியில தேன் குடுத்த மாதிரி இருக்கு.”

“சருகு?”

“டூகல்டு, போதும். நீ எத வேணும்னாலும் சொல்லு, எல்லாம் அந்த வார்டுக்குள்ளதான் வந்து நிக்குது.”

அதோடு எழுந்து போய்விட்டாள்.

அதனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். வேலையை விடுவதாக மேலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏப்ரல் கடைசி வரைதான். பிறகு துறைமுகத்தில் கப்பலுக்குச் சீட்டுக் கொடுக்கும் வேலை இருக்கிறது. அங்கே டீசலும் மீனும்தான் நாறும். அதைப் பற்றி யாரும் குறிப்பு எழுத மாட்டார்கள். இருபத்திரண்டு வருடம் செய்த வேலையை விடுவது எனக்கு விளையாட்டில்லை. வேலை முடிந்த பிறகும் வடிகலத்தின் பக்கத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் கிளம்புகிறேன். ஆனால் ஐந்து மாதம் அவள் உயிரோடு வருவாளா என்று காத்திருந்தவன் நான். வந்தவள் மேசையின் அந்தக் கோடியில் உட்காருகிறாள். எது பெரியது என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

நீங்கள் வருத்தப்பட வேண்டாம். உங்கள் மேல் இப்போது கோபம் இல்லை.

டூகல்டு


லீத்
11 மார்ச் 1992

அன்புள்ள டூகல்டு,

பெயர் சொல்லி எழுதுகிறேன். நீங்கள் அப்படிக் கையெழுத்துப் போட்டதால்.

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ஏப்ரல் கடைசிக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.

உங்கள் கடிதம் வந்த அன்றே எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்காரரிடம் போனேன். கிழவர் நாற்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறார். “பினாயிலுக்கு அந்த வாசனை எதுலேருந்து வருது?” என்று கேட்டேன். கொலை ஏதாவது செய்யப் போகிறேனோ என்பதுபோலப் பார்த்தார். பிறகு சொன்னார். கரியையோ மரத்தையோ புகையவிட்டால் வருகிற தாரிலிருந்துதான் பழைய கிருமிநாசினிகளெல்லாம் செய்தார்களாம். சில மருத்துவமனைகளில் தரை துடைக்க இன்னும் அதைத்தான் ஊற்றுகிறார்களாம். உங்கள் பார்லியைக் காயவைக்க நீங்கள் எரிக்கும் பீட் என்ற சதுப்பு நிலக் கரிமண் கட்டியின் புகையில் இருப்பதும் அதே சாமான்.

புரிகிறதா? என் வாக்கியம் தலைகீழாக இருந்திருக்கிறது. உங்கள் விஸ்கியில் மருத்துவமனை மணக்கவில்லை. அந்த மருத்துவமனையில்தான் உங்கள் ஊர்ப் புகை மணந்திருக்கிறது.

உடனே ஓடிப்போய் இதை இஷ்பெலிடம் சொல்லிவிடாதீர்கள்! உங்களை நேரில் பார்த்ததில்லை, ஆனாலும் நீங்கள் இந்நேரம் கதவுப் பக்கம் போயிருப்பீர்கள் என்று தெரியும். உட்காருங்கள். நீங்கள் சொன்னால் அதுவும் தேன் மாதிரிதான் ஆகும். வெளியிலிருந்து வந்த இன்னொரு சொல். அவருக்கு இதுவரை எல்லாரும் சொல்லிக்கொண்டே இருக்கிறோம், நான், நீங்கள், அந்த ஹெக்டர். ஒருவராவது கேட்டோமா?

கேளுங்கள். அந்த ஐந்து மாதத்தில் அங்கே அவருக்குப் பிடித்த நேரம் ஏதாவது இருந்ததா என்று மட்டும் கேளுங்கள். மணத்தைப் பற்றி மூச்சு விடாதீர்கள். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ராபினா


(அஞ்சலட்டை)
ஆர்ட்னகல்
20 மார்ச்

ராபினா, கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: “காலையில ஆறு மணிக்குத் தாழ்வாரம் துடைப்பாங்க. நர்ஸ்கிட்ட கதவைத் திறந்தே வைக்கச் சொல்லுவேன். அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குத் தூக்கம் வரும். ஏன்னு தெரியாது.” நான் அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் கொட்டகைக்குப் போய்விட்டேன். பெரிய ஆள் அழுவதை அவள் பார்க்க வேண்டாம். இப்போது சொல்லட்டுமா? டூ.


லீத்
24 மார்ச் 1992

அன்புள்ள டூகல்டு,

வேண்டாம். சொல்லாதீர்கள். உங்கள் அஞ்சலட்டை வந்ததும் நானும் எழுந்து கோட்டு மாட்டிவிட்டேன். ஓடிவந்து அவரிடம் நானே சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. அதனால்தான் வேண்டாம் என்கிறேன். நம் இரண்டு பேருக்கும் வாயை மூடத் தெரியாது என்பது இந்த மூன்று மாதத்தில் நிரூபணமாகிவிட்டது.

காத்திருந்தால் அவருக்கே தெரியும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. தெரியாமலே போகலாம். அப்படிப் போனால் நீங்கள் சீட்டுக் கொடுக்கப் போவீர்கள், அதற்கு நானும் ஒரு காரணம் என்று காலம் முழுக்க எனக்கு உறுத்தும். ஆனாலும் இது அவருடைய மூக்கு. அதை ஒருமுறை நான் எடுத்துக்கொண்டேன். இன்னொரு முறை எடுக்க மாட்டேன்.

என் பக்கத்துச் செய்தி: ஒரு மாதமாக ஒரு குறிப்பும் எழுதவில்லை. செயலாளர் தினமும் வந்து நிற்கிறார். கிளாஸைக் கையில் எடுத்தால் எனக்கு மணப்பது என்னுடையதா, எங்கேயோ படித்ததா என்று தெரியவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் புதிதாகக் கற்றுக்கொள்கிறேன். பெட்ரி அட்டையே இல்லாமல் ஊற்றித் தருகிறார். நேற்று முழுக்க யோசித்து ‘சூடாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதினேன். பெட்ரிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

ராபினா


ஆர்ட்னகல்
12 ஏப்ரல் 1992

அன்புள்ள ராபினா,

மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஹெக்டரைக் கேளுங்கள், எனக்குக் காய்ச்சலா என்று விசாரித்தான்.

போன வாரம் வியாழக்கிழமை இஷ்பெலும் நானும் கடைக்கு நடந்து போனோம். இப்போது அவ்வளவு தூரம் நடக்கிறாள், பாதியில் ஒருமுறை நின்றால் போதும். புகை அவள் நெஞ்சுக்கு ஆகாது என்று போன வருடமே எங்கள் வீட்டில் மின் அடுப்பு வைத்துவிட்டோம். பீட் எரிப்பதையே நிறுத்திவிட்டோம். அதை உங்களுக்கு எழுதவே தோன்றவில்லை, எங்களுக்கே மறந்துபோன விஷயம். வழியில் இருக்கும் மெக்ஃபீ வீட்டில் இன்னும் எரிக்கிறார்கள். அவர்கள் வீட்டுச் சுவர் ஓரமாக வரும்போது காற்று திரும்பி, புகைபோக்கியிலிருந்து ஒரு வீச்சு எங்கள் மேல் வந்தது. நான் அவளை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகப் பார்த்தேன். அவள் நகரவில்லை.

“இரு.”

“நெஞ்சுக்கு ஆகாது, வா.”

“இரு டூகல்டு! இதுதான். அந்தத் தாழ்வாரம். காலையில துடைப்பாங்களே, இதே வாசனைதான்.” சுவரைப் பிடித்துக்கொண்டாள். “அதான் தூங்கினேனா? நம்ம வீட்டு அடுப்பு எரியுதுன்னு நெனச்சா தூங்கினேன்?”

என் முகம் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்பலேருந்து?”

“மூணு வாரமா.”

“மூணு வாரம் நீ பேசாம இருந்தியா? உன்னைத்தான் கிளாஸ்கோவுல கொண்டுபோய்ச் சேக்கணும்” என்று முதுகில் ஒரு அடி வைத்தாள். நல்ல அடி. நுரையீரல் நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு நடுத்தெருவில் அழுதாள், சிரித்தாள். கடைக்குப் போகவே இல்லை.

அதனால் எல்லாம் அன்றே சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அன்று சாயங்காலம் நான் வந்தபோது மறுபடி கை மூக்குக்குப் போனது. பாதியில் நிறுத்தினாள். இன்னும் சில நாள் கை போகிறது, சில நாள் போவதில்லை. மேலாளரிடம் போய் என் விலகல் கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். “எந்தக் கடிதம்?” என்றார். எடுத்த எடுப்பிலேயே அடுப்பில் போட்டுவிட்டாராம்.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மத்தியானம் பீப்பாய்க் கிடங்கில் இருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. பார்த்தால் இஷ்பெல். கல்யாணத்துக்குப் பிறகு நாலைந்து தடவைதான் அங்கே வந்திருப்பாள். ஒரு பீப்பாய் மேல் உட்கார்ந்தாள். கிளாஸ் இருக்கிறதா என்றாள். பன்னிரண்டு வருடச் சரக்கில் கொஞ்சம் ஊற்றினேன். தேன் என்று சொல்லவில்லை. கடல் என்று சொல்லவில்லை. உங்களை நினைத்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

முகர்ந்தாள். ரொம்ப நேரம் முகர்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“என்ன மாதிரி இருக்கு?”

அவள் கிளாஸை என் பக்கம் நீட்டினாள்.

“பேசாம இன்னும் கொஞ்சம் ஊத்து.”

ஊற்றினேன்.

டூகல்டு